14 பக்கம் கீறிய பிறகும் "ஆய்வு இல்லை" என்கிறார்கள். என்ன செய்ய?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 20 வயது மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், படிக்கும் இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தினமும் பஸ்ஸில் மட்டக்களப்பு நகருக்கு வந்து கிராபிக் டிசைன் டிப்ளோமா படிக்கிறார், இரண்டாம் வருடம். இந்தத் தவணைக்கு "நீரோரம்" என்ற தலைப்பைக் கொடுத்து, ஏ3 அளவில் 40 பக்க ஸ்கெட்ச் புக் ஒன்றும், அதிலிருந்து பிறக்கிற 3 போஸ்டர்களும் கேட்டிருக்கிறார்கள். இன்னும் 7 கிழமை இருக்கிறது.

அவர் 14 பக்கம் முடித்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் நீர்வர்ணத்தில் தலைப்பு. 2 முதல் 5 வரை பின்ட்ரஸ்ட் என்ற படத்தளத்தில் எடுத்து அச்சிட்டு ஒட்டிய கடல்கன்னிகளும் அலைகளும். 6ஆம் பக்கத்தில் யாழ் ஏந்திய கடல்கன்னி லோகோ. 7 முதல் 14 வரை அதே லோகோ வேறு வேறு நிறங்களில். ஆசிரியர் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தது இவ்வளவுதான்: "அழகாக இருக்கிறது. ஆய்வு இல்லை, வளர்ச்சி இல்லை. திரும்ப யோசிக்கவும்." அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறார்.

கேள்விகள் பல. இந்த 14 பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதுக் கொப்பி தொடங்கலாமா? தனக்கு நேராகக் கீற வராது, போட்டோவை வைத்து ட்ரேஸ் பண்ணலாமா? அண்ணனின் கூட்டாளி ஏஐயில் படம் எடுத்துத் தருகிறேன் என்கிறார், அதைப் பார்த்துக் கீறினால் பிழையா? தமிழில் புத்தகமே இல்லாத விஷயத்தில் எப்படி ஆய்வு செய்வது? டேப்லெட் வாங்க வசதியில்லை, அது இல்லாமல் முடியுமா? கடைசியாக, வேறு ஏதோ சொல்லும்போது போகிற போக்கில் ஒரு வரி: "அப்பா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்து கடல்கன்னி கீறிக்கொண்டிருந்தேன். இப்படி இருக்கும்போது கூட எனக்கு ஒன்றும் வரவில்லை."

அன்புள்ள பிள்ளை,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அந்தக் கடைசி வரியில்தான் நின்றேன். உங்கள் தலைப்பு "நீரோரம்". அந்த நீரோரத்தில் வாழ்கிற மனிதர் ஒருவர் கையில் வலையோடு உங்கள் வாசலில் இருக்கிறார். நீங்கள் உள்ளே போனில் யாரோ கீறிய கடல்கன்னியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள்: நல்ல படம் என்பது வேறெங்கோ இருக்கும், அதைப் பார்த்து அழகாகத் திரும்பக் கீறுவதுதான் நம் வேலை என்று. உங்கள் ஆசிரியர் கேட்பது அதற்கு நேர்மாறான ஒன்று. அவர் அதைச் சுருக்கமாக எழுதிவிட்டார், நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில்: ஒரு பக்கத்தையும் கிழிக்காதீர்கள்

புதுக் கொப்பியில் எல்லாவற்றையும் துப்புரவாகத் திரும்பக் கீறலாம் என்ற எண்ணம் உங்களுக்கு மட்டுமில்லை, என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வந்திருக்கிறது. அப்படிச் செய்தால் 7 கிழமையில் 2 கிழமை பிரதி எடுப்பதிலேயே போய்விடும். அதைவிடப் பெரிய நட்டம், ஸ்கெட்ச் புக்கைத் திறந்து பார்ப்பவர் எதைத் தேடுகிறாரோ அதையே நீங்கள் அழித்துவிடுவீர்கள். அவர் தேடுவது ஒரு எண்ணம் எங்கே தொடங்கி, எங்கே தடுக்கி, எப்படித் திரும்பியது என்பதை. 6ஆம் பக்கத்துக் கடல்கன்னி அப்படியே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்றைய திகதியைப் போட்டு, அது ஏன் உங்களுக்குப் போதவில்லை என்று நாலு வரி எழுதுங்கள். அந்த நாலு வரி எழுதினாலே உங்கள் கொப்பியில் "வளர்ச்சி" தொடங்கிவிட்டது.

இன்னொன்று, மதிப்பீட்டு அளவுகோல் எழுதிய தாளை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது எதிர்த்துக் கதைப்பது ஆகாது. எதற்கு எத்தனை புள்ளி என்று தெரிந்துகொள்வது மாணவரின் உரிமை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருக்கும். ஆனால் இந்த ஸ்கெட்ச் புக் முறை பிரித்தானியப் பாடத்திட்டங்களிலும் இருக்கிறது. அங்கே நம் ஓ/எல் போன்ற ஜி.சி.எஸ்.ஈ பரீட்சையின் சித்திரம், டிசைன் பாடத்தில் நான்கு நோக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம்: மூலங்களை ஆராய்ந்து எண்ணத்தை வளர்ப்பது, பொருட்களையும் முறைகளையும் பரிசோதித்துச் செம்மைப்படுத்துவது, பார்த்ததையும் யோசித்ததையும் பதிவது, கடைசியில் தனக்கே உரிய படைப்பாக முன்வைப்பது. முடிந்த போஸ்டர் பெரும்பாலும் அந்த நாலாவதில்தான் வரும். நீங்கள் 6ஆம் பக்கத்திலேயே அந்த நாலாவதுக்குப் போய், மற்ற மூன்றையும் தாண்டிவிட்டீர்கள். உங்கள் நிறுவனத்தின் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் தாளைப் பார்த்தால் ஆசிரியரின் குறிப்பு உங்களுக்கு உடனே விளங்கும்.

ஆய்வு என்றால் என்ன

நீங்கள் "தமிழில் புத்தகமே இல்லை, எப்படி ஆய்வு செய்வது" என்று கேட்கிறீர்கள். ஆய்வு என்றால் புத்தகத்தில் இருப்பதை எடுத்து ஒட்டுவது என்று நினைக்கிறீர்கள் போல. டிசைனில் ஆய்வு ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. பின்ட்ரஸ்டில் கிடைப்பதெல்லாம் வேறு யாரோ தங்கள் கேள்விக்குக் கண்ட பதில்கள். உங்கள் கேள்வி இல்லாமல் அந்தப் பதில்களை அடுக்கினால் அது ஆல்பம் ஆகும், அவ்வளவுதான்.

உங்கள் கடல்கன்னியையே எடுத்துப் பார்ப்போம். மட்டக்களப்புக்கு மீன்பாடும் தேன்நாடு என்று பேர், அதைச் சொன்னவுடன் எல்லோரும் அவளைத்தான் கீறுகிறார்கள், நகரத்துச் சுவர்களிலும் கடைப் பலகைகளிலும் அவளைப் பார்த்துப் பார்த்து நமக்கு வேறு ஒன்றும் தோன்றாமல் போய்விட்டது. ஆனால் "வாவியில் பாடுவது எது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்பீர்கள். பிரித்தானிய ஆட்சியில் இங்கே உயர் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இதே கேள்வியை மீனவர்களிடம் கேட்டார். அவர்கள் கடல்கன்னி என்று சொல்லவில்லை. ஊரி என்றார்கள், தண்ணீருக்கடியில் கிடக்கிற ஓட்டுயிர். நிலவு எழும்பிய பிறகு அவர்களோடு வள்ளத்தில் போய்க் கேட்டுவிட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற மெல்லிய அதிர்வு போல இருந்தது என்றும், வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் கூடியது என்றும் எழுதிவைத்தார். இந்த ஒரு செய்தியில் எத்தனை படம் இருக்கிறது பாருங்கள்: ஊரியின் சுருள், கிண்ணத்தின் விளிம்பு, நீரில் பரவும் வளையம், மரத்தில் சாய்ந்த காது. பின்ட்ரஸ்டில் "மட்டக்களப்பு" என்று தேடினால் இவை வராது.

அவர் செய்ததும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொழில் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டார், இடத்துக்குப் போனார், கேட்டதை உடனே எழுதினார். உங்களுக்கு அந்த அளவுகூடப் போக வேண்டியதில்லை, முற்றத்துக்கு வந்தால் போதும்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் எருமைத்தயிர் விற்கிற குடும்பம் ஒன்று லேபல் கேட்டு வந்தது. எருமை ஒன்றின் தலை, பின்னால் வயல், மேலே சூரியன் என்று மனதில் ஒரு படம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதைக் கீறவில்லை. ஒரு காலை முழுக்க அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து சட்டிகளைக் கீறினேன். சட்டியின் வாய், அதன்மேல் மூடிய கடதாசி, அதைச் சுற்றிக் கட்டிய சணல். பதினைந்தாவது சட்டியைக் கீறும்போதுதான் கவனித்தேன், அந்த வீட்டு ஆச்சி சணலைக் கட்டுகிற முறை தனி. இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, பிறகு தூக்கிப் பிடிக்க ஒரு காது. அந்தக் கட்டுத்தான் லேபலின் அடையாளமாக வந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை, கை கீறிக்கொண்டிருக்கும்போது கண் பிடித்துக்கொண்டது. கீறாமல் வெறுமனே பார்த்திருந்தால் முதலாவது சட்டியோடு எழும்பி வந்திருப்பேன்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற ஒரே விஷயம். ஆய்வு ஒரு வேலை, கீறுவது இன்னொரு வேலை என்று பிரிக்காதீர்கள். நீங்கள் கீறுவதே ஆய்வு. கீறும்போதுதான் அடுத்த கேள்வி பிறக்கும்.

வலையிலிருந்து என்னென்ன கேட்கலாம்

வலை ஊசி எந்த மரத்தில் அல்லது எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது, நூலை அதில் எப்படிச் சுற்றுகிறார்? வலையின் கண், அதாவது நூல்களுக்கு இடையிலான ஓட்டை, அளவு மாறாமல் இருக்க என்ன வைத்துப் பிடிக்கிறார், பலகைத் துண்டா, விரலா? கிழிசலை முதலில் பெரிதாக வெட்டித் துப்புரவாக்கிவிட்டுப் பொத்துகிறாரா, அப்படியே பொத்துகிறாரா? வீச்சுவலையின் ஈயக்குண்டுகள் எத்தனை விரல் இடைவெளியில்? எந்த மீனுக்கு எந்தக் கண்? யாரிடம் பழகினார்? இவற்றில் ஒன்றுக்கும் நீங்கள் இணையத்தில் பதில் தேட வேண்டியதில்லை. அவர் சொல்கிற சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தொழிற்சொற்கள் உங்கள் கொப்பியின் மிகப் பெரிய சொத்தாக இருக்கும், வேறு எந்த மாணவரிடமும் அவை இருக்காது.

அதற்குப் பிறகு வெளியே போங்கள். மட்டக்களப்புப் பொது நூலகத்தில் வாவி பற்றியும் மீன்பிடி பற்றியும் கேளுங்கள். "நூலகம்" எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அட்டைப்படங்களையும் கையால் எழுதிய தலைப்பெழுத்துகளையும் பாருங்கள், இலவசம்தான். வலையின் கண் மிகச் சிறிதானால் குஞ்சு மீனும் அகப்படும். ஒற்றை நைலோன் இழையால் செய்த தங்கூசி வலை இலங்கையில் தடை. இதைப் பற்றிக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே சித்திரம் படிக்கிறவர்களின் கண்காட்சி நடந்தால் தவறவிடாதீர்கள்.

மற்ற டிசைனர்களைப் பற்றியும் ஓரிரு பக்கம் வேண்டும். உங்கள் ஆசிரியர் அதையும் எதிர்பார்ப்பார். ஆனால் வாழ்க்கை வரலாற்றை எழுதி நிரப்ப வேண்டாம். எதைப் பார்த்தார், அதை எப்படி மாற்றினார், அதிலிருந்து நான் என்ன எடுத்தேன் என்று மூன்றே விஷயம் எழுதினால் போதும். பாபரா சன்சோனி நெசவுத் துணிகளின் நிறங்களுக்காகப் பேர்பெற்றவர். இலங்கையின் பழைய வீடுகளையும் விகாரைகளையும் வருடக்கணக்காக நேரில் போய்க் கீறியவரும் அவரே. லக்கி சேனநாயக்க 1979இல் வெளியான நாணயத்தாள்களுக்கு இந்த நாட்டின் உயிரினங்களையும் செடிகொடிகளையும் கீறினார். அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ ஒரு பழைய தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அருகே வைத்துப் பாருங்கள், இலையும் பறவையும் எழுத்தும் ஒரே தாளில் எப்படி இடம் பிரித்துக்கொள்கின்றன என்று. உங்கள் வலைக்கு மிக நெருக்கமானது அமெரிக்க டிசைனர் லான்ஸ் வைமன் 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்குக்குச் செய்த சின்னம். ஐந்து வளையங்களின் கோடுகளை நீட்டி 68 என்ற எண்ணையும், அதிலிருந்து எழுத்துகளையும் வளர்த்தார். அந்த நாட்டுப் பழங்குடிகளான ஹுயிச்சோல் மக்களின் கலையும், கோடுகளால் கண்ணை ஏமாற்றுகிற அந்தக் காலத்து ஒப் ஆர்ட் பாணியும் அதில் கலந்திருக்கின்றன. நீங்கள் அந்தக் கோடுகளைப் பிரதி எடுக்க வேண்டாம். ஒரு கோட்டின் விதி எப்படி ஒரு முழு எழுத்து வரிசையாக மாறியது என்று பாருங்கள்.

"எனக்கு நேராகக் கீற வராது"

நேராகக் கீறத்தான் ரூலர் இருக்கிறதே. உங்கள் ஆசிரியர் கேட்பது நேர்கோடு இல்லை. ஒரு பொருளை நீங்கள் உண்மையிலேயே பார்த்தீர்களா என்பது உங்கள் கோட்டில் தெரியவேண்டும். கோணலாக இருந்தாலும் பார்த்துக் கீறிய கோடு பார்த்த கோடுதான்.

சில பயிற்சிகள் சொல்கிறேன். அப்பாவின் கையைத் தாளைப் பார்க்காமல் 2 நிமிடம் கீறுங்கள், கண் கையிலேயே இருக்கட்டும், பேனை தாளை விட்டு எழும்பக்கூடாது. வருவது விநோதமாக இருக்கும், ஆனால் விரல் மடிப்பின் உண்மை அதில் இருக்கும். அடுத்து, வலையின் நூலைக் கீறாமல் ஓட்டைகளை மட்டும் கீறுங்கள். ஒவ்வொரு கண்ணையும் ஒரு வடிவமாகப் பார்த்துக் கறுப்பால் நிரப்புங்கள், நூல் தானாகவே வெள்ளையாக வெளிவரும். அப்புறம் ஒரே ஒரு முடிச்சை எடுத்து ஒரு முழு ஏ3 பக்கத்துக்குப் பெருப்பித்துக் கீறுங்கள். எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று விளங்காமல் அதைக் கீறவே முடியாது, அப்போது அப்பாவிடம் திரும்பப் போய்க் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கடைசியாக, அவர் ஒரு முடிச்சுப் போடுகிற அசைவை 6 சிறு படங்களாக வரிசையில் கீறுங்கள். போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் ஒரு தரமாவது நேரில் பார்த்துக் கீறுங்கள்.

பொருட்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். போல்பொயிண்ட் பேனை, 2பி பென்சில், அடுப்புக்கரி, கறுப்பு மை. கழித்துப் போட்ட வலைத் துண்டைத் தாளின் கீழே வைத்து மேலே பென்சிலைச் சரித்துத் தேயுங்கள். இன்னொரு துண்டில் மை தடவி அழுத்தி எடுங்கள், இழுத்துப் பிடித்து ஒன்று, தளர விட்டு ஒன்று. "பொருட்களைப் பரிசோதிப்பது" என்று அளவுகோலில் எழுதியிருப்பது இதைத்தான். விலை கூடிய மார்க்கரால் 8 நிறத்தில் ஒரே லோகோவைத் தீட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். டேப்லெட் இல்லாமல் தாராளமாக முடிக்கலாம். கடைசியில் போஸ்டரைக் கணினியில் அடுக்க இங்க்ஸ்கேப், கிரிட்டா இரண்டும் இலவசம், நிறுவனத்தின் கணினி அறையில் அனுமதி கேட்டுப் பாவியுங்கள்.

நிறம் தெரிவதற்கு முன் ஒரு வேலை. வாவிக்குப் போய்க் காலை 6 மணிக்கும், மத்தியானமும், பொழுது படும்போதும் தண்ணீரின் நிறத்தைச் சிறு கட்டங்களாகக் கலந்து பதியுங்கள். நாம் பழக்கத்தில் நீலம் பூசுகிறோம். நீங்கள் பார்க்கப்போவது சாம்பல், பாசிப்பச்சை, தேத்தண்ணி நிறம். கல்லடிப் பாலத்தில் 1924ஆம் ஆண்டின் இரும்புச் சட்டங்கள் நீரில் விழுத்துகிற நிழலும் ஒரு வலை போலத்தான் இருக்கும், ஒரு நாள் அங்கே இறங்கிப் பாருங்கள்.

ட்ரேஸ் பண்ணுவதும் ஏஐயும்

ட்ரேஸ் பண்ணுவது முழுக்கப் பிழை என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை. நீங்களே கீறிய படத்தின்மேல், அல்லது நீங்களே எடுத்த போட்டோவின்மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்துத் தேவையில்லாத கோடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போவது இந்தத் தொழிலின் அன்றாட வேலை. சிக்கலான முடிச்சு 4 ட்ரேஸில் ஒரு சின்னமாக மாறும். அந்த 4 தாளையும் கொப்பியில் ஒட்டுங்கள். பிழை எங்கே வருகிறதென்றால், மற்றவரின் படத்தை ட்ரேஸ் பண்ணி உங்களுடையதாகக் காட்டும்போது.

இணையத்தில் கிடக்கிற படம் எல்லோருக்கும் பொதுச்சொத்து என்ற எண்ணமும் வேண்டாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படங்களுக்கும் போட்டோக்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. படிப்பு நோக்கத்துக்காக ஒரு படத்தைக் கொப்பியில் வைத்து அதைப் பற்றி எழுதுவது வேறு, அதைப் போஸ்டரில் போட்டுக் கண்காட்சியில் தொங்கவிடுவது வேறு. 2 முதல் 5 வரையான பக்கங்களில் ஒட்டிய ஒவ்வொரு படத்தின் கீழும் யாருடையது, எங்கே எடுத்தது என்று இப்போதே தேடி எழுதிவிடுங்கள். யாருடையது என்று தெரியாததன் கீழ் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

ஏஐ பற்றி உங்கள் நிறுவனத்துக்கு ஒரு விதி இருக்கும், அல்லது ஆசிரியர் சொல்வதுதான் விதி. கேட்காமல் பாவித்தால், பிறகு தெரியவரும்போது முழுப் புள்ளியும் போகக்கூடும். அனுமதி இருந்தாலும் உங்கள் இந்த வேலைக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் படத்தில் முடிச்சு முடிச்சாக இல்லாமல் போகலாம், இழை ஒன்று நடுவில் காணாமல் போயிருக்கலாம். வலை தெரிந்த உங்கள் அப்பா பார்த்தவுடன் கண்டுபிடிப்பார். தமிழ் எழுத்துகளும் உடைந்து வரக்கூடும். நேர்முகத்தில் ஆசிரியர் ஒரு கோட்டைக் காட்டி "இது ஏன் இங்கே?" என்று கேட்டால், உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அண்ணனின் கூட்டாளிக்கு நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

வலை எப்படிப் போஸ்டராகும்

உங்கள் வேலையை நான் செய்து தரக்கூடாது. ஆனால் ஒரு வழியைக் காட்டலாம், நீங்கள் வேறு வழியில் போனால் இன்னும் சந்தோசம்.

இழுத்துப் பிடித்த வலை சாய்சதுரக் கட்டம். அந்தக் கட்டத்தில் தமிழ் எழுத்தைக் கட்டப் பார்த்தால் 'ப', 'ட' இலகுவாக வரும், 'லை', 'ழ' முரண்டு பிடிக்கும், ஏனென்றால் நம் எழுத்து வளைவு. அந்த இடத்தில் மனம் சோர்ந்து கணினி எழுத்துக்கு ஓடாதீர்கள். கயிற்றில் காயப்போட்ட வலையைப் போய்ப் பாருங்கள். தளர்ந்து தொங்கும்போது அதே நூல் வளைகிறது. இறுகிய வலை ஒரு எழுத்து, தளர்ந்த வலை இன்னொரு எழுத்து. "வலை", "வாவி", "கண்" என்று மூன்று சொற்களை மட்டும் எடுத்து இரண்டு விதமாகவும் கீறிப் பாருங்கள். "கண்" என்ற சொல்லே உங்களுக்கு ஒரு போஸ்டர் தரக்கூடும்: பார்க்கிற கண், வலையின் கண். வலைக்கண்ணை உண்மையான அளவிலேயே அச்சிட்டு, தப்பிப் போகிற குஞ்சு மீனை அதனூடே வைத்தால் ஒரு செய்தியும் வந்துவிடுகிறது.

போஸ்டருக்குப் போகும் முன் சிறு கட்டங்களில், 5 சென்றிமீற்றர் உயரம் போதும், குறைந்தது 25 கீறுங்கள். முதல் 10 எல்லோருக்கும் வருகிற எண்ணமாக இருக்கும். அதைத் தாண்டத்தான் 25. அவற்றில் 3ஐத் தெரிந்து, ஏன் தெரிந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

எழுத்து விஷயத்தில் ஒரு நடைமுறைத் தகவல். நம்மூர் அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. போனிலும் கணினியிலும் இப்போது பொதுவாக இருக்கிற யூனிகோட் முறையில் நீங்கள் தட்டியதை அந்த எழுத்துருவில் திறந்தால் எல்லாம் குழம்பிவிடும். எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி பி.டி.எஃப் ஆகக் கொடுங்கள், முழுதாக அச்சிட முன் ஏ4இல் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள். திரையில் தெரிகிற பச்சை தாளில் மங்கித்தான் விழும்.

நாளைப் பிரித்துக்கொள்வது உங்கள் கையில். நானென்றால் முதல் 2 கிழமை வலையையும் வாவியையும் கீறுவதற்கு மட்டும் வைப்பேன், 10 பக்கமாவது. மூன்றாம் கிழமை நூலகமும் மற்ற டிசைனர்களும். நாலும் ஐந்தும் எழுத்து, சின்னம், சிறு கட்டங்கள். ஆறில் போஸ்டர். ஏழாம் கிழமையை அச்சகத்துக்கும் எதிர்பாராத தடங்கலுக்கும் விட்டுவைப்பேன். இரண்டாம் கிழமை முடிவில் கொப்பியை ஆசிரியரிடம் கொண்டுபோய், "நான் போகிற வழி சரியா?" என்று ஒருமுறை கேளுங்கள். அவர் "அழகாக இருக்கிறது" என்று எழுதியதை நீங்கள் ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் கை நல்ல கை என்று அவர் கண்டிருக்கிறார், அதனால்தான் திரும்ப யோசிக்கச் சொன்னார் என்று நான் நினைக்கிறேன்.

அப்பாவைக் கொப்பியில் வைப்பது

மற்றப் பிள்ளைகள் பெரிய தலைப்புகளை எடுத்திருக்கிறார்கள், தன் வீட்டு வலையைக் காட்டினால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் வெளியே சொல்லாமல் இருக்கிறது. அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது. அதை அடக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்காக வலையை விடவும் வேண்டாம். இந்தத் தொழிலின் கைவேலையை உள்ளிருந்து பார்க்க உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்?

ஒன்று மட்டும் கவனியுங்கள். அப்பாவின் முகமோ பேரோ கண்காட்சிக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள். கை மட்டும் போதும் என்றால் கை மட்டும். கரையில் வேறு தொழிலாளிகளைக் கீறும்போதும் போட்டோ எடுக்கும்போதும் அப்படித்தான், சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கீறியதை அவர்களுக்குக் காட்டுங்கள். வலைக்கண் பற்றிய போஸ்டர் செய்தால், அது அப்பாவையோ ஊரவரையோ குற்றம் சொல்வதுபோல் ஆகாமல் அவரிடமே ஒரு தரம் காட்டி, இது சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று பின்னேரம் அவர் வலையோடு முற்றத்தில் இருக்கும்போது நீங்களும் கொப்பியோடு போய்ப் பக்கத்தில் இருங்கள். "இந்த முடிச்சுக்கு நீங்க என்ன பேர் சொல்றீங்க, அப்பா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி, திகதியைப் போட்டு, கையைக் கீறத் தொடங்குங்கள். அது உங்கள் 15ஆம் பக்கம்.